தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா? மெஷின், சப்ளையர், இன்சூரன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நிற்கும் ஸ்லீப் ஆப்னியா என்ற நோய் இருப்பது தெரிந்த நாளிலிருந்து ஆளுக்கொரு காகிதம் நம் கையில் வந்து சேரும். டாக்டர் ஒரு சீட்டு, லேப் ஒரு ரிப்போர்ட், மாஸ்க் வழியே காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷினின் சப்ளையர் ஒரு படிவம், இன்சூரன்ஸ் ஒரு கடிதம். இந்த நால்வரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது அபூர்வம். நடுவில் நிற்பது சரியாகத் தூங்காத நோயாளி. நானும் இரவில் மாஸ்க் போட்டுப் படுப்பவன் என்பதால் பலர் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மெஷினின் காற்றழுத்தம், மருந்து, அறுவை சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டாக்டரோடு சேர்ந்து எடுங்கள்.

குறட்டை விடுற எல்லாருக்கும் இது இருக்குமா?

இல்லை. குறட்டை மட்டும் விட்டு, மூச்சு தடைபடாமல் தூங்குபவர்கள் நிறைய. கவனிக்க வேண்டியது குறட்டைக்கு நடுவில் வரும் அமைதியை. சத்தம் திடீரென்று நின்று, சில நொடிகள் ஒன்றுமே கேட்காமல், பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறதா? தொண்டையின் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை அடைபடும்போது அப்படித்தான் ஆகும். பக்கத்தில் படுப்பவர் இதை ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டினால், வாயால் விவரிப்பதைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

எனக்கு ராத்திரி முழிப்பே வராது. படுத்தா காலையிலதான் எழுந்திருப்பேன். அப்புறம் எப்படி எனக்கு?

மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் மூளை உங்களை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. அந்த விழிப்பு சில நொடிகளே நீடிப்பதால் காலையில் நினைவிருக்காது. ஆனால் ஆழ்ந்த தூக்கம் துண்டு துண்டாகிவிட்டிருக்கும். எட்டு மணி நேரம் படுத்தும் அலுப்பு தீராதது, காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, மாத்திரை எடுத்தும் இறங்காத ரத்த அழுத்தம் எல்லாம் இதன் அடையாளங்களாக இருக்கலாம்.

பெண்கள் விஷயத்தில் இது எளிதில் தவறிப்போகிறது. பலத்த குறட்டை இல்லாமல், தூக்கம் வரவில்லை, எப்போதும் சோர்வு, மனசு சரியில்லை என்று மட்டும் சொல்பவர்களுக்கும் இந்த நோய் இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறது. 'வயசாகிடுச்சு, அதான்' என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

ஒல்லியா இருக்கிறவங்களுக்கு வராதுன்னு சொல்றாங்களே?

வரும். உடல் எடை ஒரு பெரிய காரணம்தான், ஆனால் ஒரே காரணம் இல்லை. பின்தள்ளிய தாடை, குறுகிய தொண்டை, பெரிய டான்சில், மூக்கடைப்பு ஆகியவையும் காரணமாகலாம்.

வீட்டிலேயே டெஸ்ட் பண்ணலாமாமே? லேப்ல போய் ஒயர் மாட்டிக்கிட்டுப் படுக்கணுமா?

தெளிவான அறிகுறிகள் இருந்து, இதயம், நுரையீரல் சம்பந்தமான பெரிய நோய் இல்லாதவர்களுக்கு வீட்டு டெஸ்ட் போதும் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். மூக்கில் ஒரு சின்னக் குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப், அவ்வளவுதான்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான வீட்டு டெஸ்ட் கருவிகள் மூளை அலைகளைப் பதிவதில்லை. அதனால் நீங்கள் எப்போது தூங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கருவி ஓடிய நேரம் முழுவதையும் தூக்கமாக எடுத்துக்கொள்ளும். கருவி ஏழரை மணி நேரம் ஓடியது, அதில் நீங்கள் தூங்கியது 5 மணி நேரம், மூச்சுத்தடை 75 முறை என்று வையுங்கள். வீட்டு டெஸ்ட் மணிக்கு 10 என்று சொல்லும். லேப் 15 என்று சொல்லியிருக்கும். அந்த வித்தியாசம் ஏன் பெரிய விஷயம் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. ஆகவே வீட்டு டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்தும் அறிகுறிகள் தொடர்ந்தால், லேப் டெஸ்ட் கேளுங்கள்.

ரிப்போர்ட்ல ஏஎச்ஐ 22ன்னு போட்டிருக்கு. பயப்படணுமா?

ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு முழுதாக நின்றது அல்லது கணிசமாகக் குறைந்தது என்பதுதான் ஏஎச்ஐ. குறைந்தது 10 நொடி நீடித்தால்தான் அது கணக்கில் வரும். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமையானது. உங்கள் 22 நடுத்தரத்தில் வருகிறது. பயம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் கூடாது.

அந்த ஒரு எண்ணோடு ரிப்போர்ட்டை மூடிவிடாதீர்கள். ஆக்சிஜன் எந்த அளவுக்கு இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது, மல்லாந்து படுக்கும்போது எண் எவ்வளவு, ஒருக்களித்துப் படுக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள். தடைகள் தொண்டை அடைப்பால் வந்தவையா, மூச்சு விடச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வராததால் நேர்ந்தவையா என்பதும் இருக்கும். இரண்டாவது வகை அதிகமாக இருந்தால் சிகிச்சையே மாறும். ரிப்போர்ட்டின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சுருக்கம் பின்னால் இன்சூரன்ஸுக்குப் போதாது.

மெஷின் வேண்டாம். வேற வழியே இல்லையா?

இருக்கிறது, ஆளைப் பொறுத்து. மல்லாந்து படுத்தால் மட்டும் வருகிறவர்களுக்கு ஒருக்களித்துப் படுக்கப் பழகுவதே பெரிய உதவி. லேசானது முதல் நடுத்தரம் வரை உள்ளவர்களுக்கு, கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி பலன் தரலாம். அதைப் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்ய வேண்டும். டான்சில் பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை. சீபேப் என்ற காற்று மெஷின் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை உடலுக்குள் பொருத்துகிறார்கள். அமெரிக்காவில் அதற்கு 2014இல் அனுமதி கிடைத்தது. படுக்கப்போகும் முன் மதுவை விடுவதும், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்வதும் எல்லோருக்கும் பொருந்தும், ஏனென்றால் இரண்டும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தக்கூடியவை.

எடை குறைந்தால் ஏஎச்ஐயும் பெரும்பாலும் குறையும். உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஆப்னியா உள்ள பெரியவர்களுக்கு டிர்செபடைட் என்ற எடை குறைக்கும் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. எடை குறையும்வரை மூச்சு நின்றுகொண்டேதான் இருக்கும், அதனால் அந்த இடைக்காலத்துக்கு மெஷின் வேண்டியிருக்கலாம். எடை குறைந்த பிறகு, நீங்களாக மெஷினை நிறுத்தாமல் மறுபடி டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சீபேப், ஏபேப், பைபேப்னு மூணு சொல்றாங்க. எதை வாங்கணும்?

சீபேப் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தள்ளி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் 1981இல் வெளியிட்ட முறை இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. ஏபேப், டாக்டர் எழுதிய இரண்டு எல்லைகளுக்குள் தேவைக்கேற்பத் தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பைபேப்பில் மூச்சை இழுக்கும்போது ஒரு அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம்.

பெரும்பாலானவர்களுக்கு ஏபேப் வசதியானது. அதையே நிலையான அழுத்தத்திலும் ஓட்டலாம் என்பதால், டாக்டர் மறுக்காதபட்சத்தில் நான் அதைத்தான் கேட்கச் சொல்வேன். பைபேப் தனிக் காரணம் இருந்தால் மட்டும். இதய பலவீனம் உள்ளவர்கள், மேம்பட்ட மெஷின் என்று யார் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. ஏஎஸ்வி என்ற ஒரு வகை, இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்து, மூளைக் கட்டளையால் வரும் ஆப்னியாவும் உள்ளவர்களுக்கு ஆபத்து என்று 2015இல் தெரியவந்தது.

மாஸ்க் எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

மெஷினைவிட மாஸ்க்தான் முக்கியம் என்பேன். மெஷினை அலமாரியில் தூக்கி வைத்துவிட்டவர்களிடம் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் மாஸ்க்கைத்தான் குறை சொல்வார்கள். மூக்குத் துளையில் நேராக உட்காரும் சின்ன மாஸ்க், மூக்கை மட்டும் மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று மூன்று வகை. மூக்கால் மூச்சு விட முடிந்தால் சிறியதிலிருந்து ஆரம்பியுங்கள்.

சப்ளையர் இடத்தில் உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்துவிட்டு 'சரியா இருக்கு' என்று சொல்லிவிடாதீர்கள். படுக்க இடம் கேளுங்கள். மெஷினை உங்கள் அழுத்தத்தில் ஓடவிட்டுப் படுத்து, பட்டையைச் சற்றுத் தளர்த்துங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு இழுத்து, மெதுவாகத் திரும்ப விடுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சிலிக்கான் மடிப்பு காற்றில் உப்பி முகத்தில் படியும். அதன்பிறகு கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். மேலும் மேலும் இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கிக் கசிவு கூடும், மூக்கு எலும்பின் மேல் புண்ணும் வரும்.

சில மாஸ்க்குகளின் கிளிப்பில் காந்தம் இருக்கும். உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், ஷண்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) போன்ற உலோகக் கருவிகள் உடலுக்குள் இருந்தால் அந்தக் காந்தம் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். காந்தமில்லாததை வாங்கிவிட்டால் கவலையே இல்லை.

மாஸ்க் போட்டதும் மூச்சு முட்டுது. தூக்கத்துல நானே கழட்டி எறிஞ்சிடுறேன். இது எனக்கு ஒத்துக்காதா?

ஆரம்பத்தில் பலருக்கும் இப்படித்தான். முதல் சில நாட்கள் படுக்கையில் போடவே வேண்டாம். பகலில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, மெஷின் இல்லாமல் மாஸ்க்கை மட்டும் முகத்தில் பிடித்துப் பாருங்கள். அப்புறம் பட்டையை மாட்டுங்கள், அப்புறம் காற்றோடு. அதற்குப் பிறகு ஒரு மதியத் தூக்கம். பழகியபின் இரவு. அழுத்தத்தை மெதுவாகக் கூட்டும் 'ராம்ப்' என்ற வசதியும், மூச்சு விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் வசதியும் மெஷினில் இருக்கும். இரண்டையும் சப்ளையரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காற்று போதவில்லை என்று தோன்றினால் ராம்ப் 4 என்ற மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்குவது காரணமாக இருக்கலாம். அதைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். எறிந்துவிட்டேன் என்று வெட்கப்பட்டு அதோடு விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நடு இரவில் கழட்டிவிட்டால், முழிப்பு வந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரமும் கணக்கில் சேரும்.

காலையில வாய் காய்ஞ்சு போகுது, வயிறு உப்புது, குழாய்ல தண்ணி நிக்குது. என்ன பண்றது?

வாய் காய்ந்தால் வாய் வழியே காற்று வெளியேறுகிறது என்று பொருள். முதலில் மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் போகவில்லை என்றால் வாயையும் மூடும் மாஸ்க். ஈரப்பதத்தைக் கூட்டுவதும் உதவும்.

வயிறு உப்புவது காற்றை விழுங்குவதால். அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் நின்றால் அறை குளிர், குழாயும் குளிர் என்று அர்த்தம். சூடாக்கும் வசதியுள்ள குழாய் வாங்கலாம், அல்லது ஈரப்பதத்தை ஒரு படி குறைத்து, மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைக்கலாம்.

டாக்டர் ஆபீஸே ஒரு சப்ளையரைச் சொல்லுது. அங்கேதான் வாங்கணுமா?

பெரும்பாலும் கட்டாயமில்லை. சீட்டின் நகலை உங்கள் கையில் வாங்குங்கள். அது இருந்தால் நீங்களே விசாரிக்கலாம். அதில் மெஷின் வகை, அழுத்தம், ஈரப்பதமூட்டி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். மாஸ்க் பகுதியில் ஒரு குறிப்பிட்ட மாடலின் பெயருக்குப் பதிலாக 'நோயாளிக்குப் பொருந்தும் மாஸ்க்' என்று எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாஸ்க் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு கேட்பார்கள்.

சப்ளையரிடம் கேட்க வேண்டியவை: நீங்கள் என் இன்சூரன்ஸின் பட்டியலில் இருக்கிறீர்களா? எந்த மாடல் தருகிறீர்கள்? மாஸ்க் பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றலாம்? மெஷின் பழுதானால் இரவல் மெஷின் உண்டா? என் தூக்கத் தரவை நானே பார்க்க வழி இருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'பாத்துக்கலாம் சார்' என்பது பதில் ஆகாது. அதோடு மெஷினைப் பெறும் அன்று, படிவத்தில் எழுதியிருக்கும் மாடலும் பெட்டியில் இருக்கும் மாடலும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்சூரன்ஸ் மெஷினுக்குப் பணம் தருமா?

பாலிசியைப் பொறுத்தது. மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் என்று சில பாலிசிகள் சொல்லும். அவற்றில் வீட்டில் வைக்கும் கருவி சேராமல் போகலாம். வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். வீட்டு மருத்துவக் கருவிகளுக்குக் காப்பீடு உண்டா? முன் அனுமதி வாங்க வேண்டுமா? என் கையிலிருந்து போகும் பங்கு எவ்வளவு? பேசிய தேதி, பேசியவர் பெயர், அவர் தந்த குறிப்பு எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

பட்டியலில் இருக்கும் சப்ளையர் என்றால், நீங்கள் கட்ட வேண்டிய தொகை தனியாக ரொக்கம் கொடுத்து வாங்குவதைவிடக் குறைவா என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் ஒரு தொகைவரை நாமே கட்ட வேண்டிய பாலிசிகளில், ரொக்க விலையே மலிவாக முடிவது உண்டு. இந்த நோய் இருப்பதை மறைத்து மட்டும் பாலிசி எடுக்காதீர்கள். பின்னால் சம்பந்தமே இல்லாத க்ளெய்மைக்கூட அதைக் காட்டி மறுக்கலாம்.

மெஷின் நான் எப்படித் தூங்குறேன்னு இன்சூரன்ஸுக்குச் சொல்லுதாமே?

எத்தனை மணி நேரம் ஓடியது, கசிவு எவ்வளவு, மிச்சம் எத்தனை மூச்சுத்தடை என்பதை மெஷின் பதிவு செய்கிறது. பெரும்பாலான புது மெஷின்கள் அதை மோடம் வழியாக அனுப்பும். டாக்டரும் சப்ளையரும் பார்க்கலாம். பணம் தருகிறவர் பயன்பாட்டுச் சான்று கேட்கலாம்.

மிகவும் பேசப்படும் விதி, அமெரிக்க அரசு முக்கியமாக முதியவர்களுக்கு நடத்தும் மெடிகேர் காப்பீட்டுடையது. முதல் 3 மாதத்துக்குள் ஏதாவது ஒரு தொடர்ச்சியான 30 நாளில், 70 சதவீத இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். கூடவே 31ஆம் நாளுக்கும் 91ஆம் நாளுக்கும் நடுவில் டாக்டரை நேரில் பார்த்து, பலன் இருக்கிறது என்று பதிவாக வேண்டும். மணிக்கணக்கு சரியாக இருந்தும், டாக்டர் சந்திப்பை மறந்ததால் மெஷினை இழக்க நேரிடலாம். உங்கள் பாலிசியில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று மெஷின் வரும் அன்றே கேட்டு, டாக்டர் சந்திப்புக்கு அப்போதே நாள் வாங்கிவிடுங்கள். உடம்புக்கு 4 மணி நேரம் போதும் என்று இந்த விதிக்குப் பொருள் இல்லை. விடியற்காலைத் தூக்கத்தில்தான் பலருக்கு மூச்சுத்தடை அதிகம். தூங்கும் நேரம் முழுவதும் போடுங்கள்.

வாடகைக்கு எடுக்கிறதா, சொந்தமா வாங்குறதா?

நீங்கள் முடிவெடுப்பதாக இருந்தால், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் கொஞ்ச காலம் வாடகை நல்லது. பணம் தருகிறவர்கள் முடிவெடுத்தால் வாடகையாகவே தொடங்கி, ஒரு காலத்துக்குப் பிறகு சொந்தமாகும். மெடிகேரில் அது 13 மாதம். ஒப்பந்தத்தில் எந்தத் தேதியில் சொந்தமாகிறது என்பதைத் தேடிப் பிடியுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் வாடகை போய்க்கொண்டிருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள்.

க்ளெய்மை மறுத்துட்டாங்க. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும்; அதைப் படிக்காமல் போனில் சண்டை போடுவதில் பயனில்லை. பல மறுப்புகள் காகிதக் குறையால் வருபவை: டாக்டரின் குறிப்பில் பகல் தூக்கம் பற்றி ஒரு வரி இல்லை, சீட்டில் தேதி இல்லை, முழு ரிப்போர்ட்டுக்குப் பதில் சுருக்கம் போயிருக்கிறது. இவற்றை டாக்டர் ஆபீஸ் திருத்தி அனுப்பினாலே முடிந்துவிடும்.

'மருத்துவத் தேவை இல்லை' என்று காரணம் சொல்லியிருந்தால், மேல்முறையீடு செய்ய எத்தனை நாள் என்று கடிதத்தில் பாருங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். ஏஎச்ஐ, ஆக்சிஜன் இறக்கம், ரத்த அழுத்தம் அல்லது இதய நோய், வண்டி ஓட்டும்போது கண் அசந்தது போன்றவை அதில் இருக்க வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் நிறுவனத்துக்கு வெளியே உள்ள குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாமா என்று விசாரியுங்கள். ஒருமுறை 'இல்லை' என்றதும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடாதீர்கள்.

ஒரே டெஸ்ட்டுக்கு ரிப்போர்ட்ல ரெண்டு ஏஎச்ஐ இருக்கு. ஒண்ணு 9, ஒண்ணு 4. எது சரி?

இரண்டும் சரி. மூச்சு குறைவதை எப்போது கணக்கில் எடுப்பது என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்றில் ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ, மூளை விழித்துக்கொண்டாலோ போதும். மற்றதில் 4 சதவீதம் இறங்கியே ஆக வேண்டும். மெடிகேர் 4 சதவீதக் கணக்கை எடுக்கிறது. ஒல்லியானவர்களுக்கும் இளையவர்களுக்கும் ஆக்சிஜன் அவ்வளவு இறங்காமலே தூக்கம் உடையலாம் என்பதால் இவர்களுக்கு வித்தியாசம் பெரிதாக வரும். உங்கள் பாலிசி எந்தக் கணக்கைக் கேட்கிறது என்று பார்த்து, டாக்டர் கடிதத்தில் இரண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

மாசா மாசம் கேக்காமலே மாஸ்க், ஃபில்டர்னு பெட்டி வருது. எல்லாத்தையும் மாத்தணுமா?

பாலிசி தரும் அட்டவணை, அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்பதைத்தான் சொல்கிறது. பொருள் நன்றாக இருந்தால் மாற்றத் தேவையில்லை. ஃபில்டர் சாம்பல் நிறமானால், மாஸ்க்கின் சிலிக்கான் பிசுபிசுத்து, துவைத்தும் படியாமல் போனால், பட்டை தொய்ந்து இறுக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தால் மாற்றுங்கள். கேட்காமல் அனுப்புவதை எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உங்கள் பங்கும் பில்லில் ஏறுகிறது.

பழைய மெஷின் மலிவா கிடைக்குது. வாங்கலாமா?

சீட்டு இல்லாமல், அழுத்தம் யாருக்கோ வைத்தபடி இருக்கும் மெஷினைப் போட்டுக்கொள்ளாதீர்கள். மாடலையும் சீரியல் எண்ணையும் வைத்து, திரும்பப் பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மெஷின்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பொருள் சிதைந்து, துகள்கள் காற்றோடு நுரையீரலுக்குப் போகக்கூடும் என்பதுதான் காரணம். அப்படிப்பட்ட மெஷின்கள் இன்னும் யார் வீட்டிலாவது கிடக்கலாம்.

எப்படிச் சுத்தம் பண்றது? ஓசோன் பெட்டி வாங்கணுமா?

வெதுவெதுப்பான தண்ணீர், மணமில்லாத மிதமான சோப்பு. மாஸ்க்கில் முகம் படும் பகுதியைத் தினமும், குழாயையும் தண்ணீர்த் தொட்டியையும் வாரம் ஒருமுறை கழுவுங்கள். தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, காலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஓசோன், புற ஊதா ஒளிப் பெட்டிகளைப் பற்றி 2020 பிப்ரவரியில் எஃப்டிஏ எச்சரித்தது. ஓசோன் மூச்சுப்பாதையை எரிச்சலாக்கும். சோப்புத் தண்ணீரே போதும்.

மெஷின்ல ஏஎச்ஐ 2ன்னு காட்டுது. ஆனா பகல்ல இன்னும் தூக்கம் தூக்கமா வருதே?

வீட்டு டெஸ்ட் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். நீங்கள் விழித்துக் கிடந்த நேரத்தையும் மெஷின் சேர்த்தே வகுக்கிறது. மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கசிவு கூடுகிறதா, நடு இரவில் கழட்டிவிடுகிறீர்களா என்று பாருங்கள். இரவு முழுவதுமான வரைபடத்தைப் பார்க்க ஆஸ்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மெஷினின் மெமரி கார்டைப் போட்டால் போதும். எல்லாம் சரியாக இருந்தும் சோர்வு என்றால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், வேறு தூக்க நோய்கள் என்று டாக்டர் தேட வேண்டும். கண் அசந்துவரும் நிலையில் வண்டி ஓட்டாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

விமானத்துல எடுத்துட்டுப் போகலாமா? கரண்ட் போனா?

கைப்பையாகவே எடுத்துச் செல்லுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். டாக்டர் சீட்டின் நகல் கூடவே இருக்கட்டும். லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பேட்டரியில் ஓட்டும்போது ஈரப்பதமூட்டியையும் குழாய்ச் சூட்டையும் அணைத்தால் அது வெகுநேரம் வரும். கரண்ட் போய் ஒருநாள் மெஷின் இல்லை என்றால் தலையை உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள்.

வேற ஒரு ஆபரேஷனுக்குப் போறேன். இதைச் சொல்லணுமா?

கட்டாயம். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டையைத் தளர்த்தி, மூச்சின் வேகத்தையும் குறைக்கும். மயக்க மருத்துவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள், மெஷினையும் மாஸ்க்கையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். வீடு திரும்பிய பிறகும், வலி மாத்திரை எடுக்கும் நாட்களில் பகல் தூக்கத்துக்கும் போட வேண்டும்.

வேலை மாறுது, இன்சூரன்ஸும் மாறுது. மறுபடி முதல்லேருந்து டெஸ்ட் எடுக்கணுமா?

பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. இல்லையென்றால் சிக்கல்தான். லேப் மூடிப்போயிருக்கலாம், டாக்டர் இடம் மாறியிருக்கலாம், சப்ளையர் தொழிலையே விட்டிருக்கலாம். முதல் டெஸ்டின் முழு ரிப்போர்ட், அதற்கு முன் டாக்டரைப் பார்த்த குறிப்பு, மெஷின் சீட்டு, மெஷின் சொந்தமான தேதியைக் காட்டும் காகிதம், சமீபத்திய பயன்பாட்டு அறிக்கை ஆகிய ஐந்தையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பழைய பாலிசி முடியும் முன் மாஸ்க், குழாய், ஃபில்டர் ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் இன்னும் வாடகையில் இருந்தால், மீதி மாதங்களைப் புது நிறுவனம் ஏற்குமா, முதலிலிருந்து எண்ணுமா என்று வேலை மாறும் முன்பே இருவரிடமும் கேளுங்கள். பதில் வரும்வரை மெஷினைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.